ஸ்டண்ட், ஓபன் வீல், ஸ்ட்ரீட், டைம் ட்ரையல்: ஜிடிஏ ஆன்லைன்ல எந்த ரேஸுக்கு ராத்திரி முழிக்கலாம்?

முதல் வளைவு. பத்து வண்டி ஒண்ணா வந்து திரும்புது, நான் ஒழுங்கா பிரேக் பிடிக்கிறேன், பின்னாடி வர்ற ஒன்பது பேர்ல ஒருத்தன் கூட பிடிக்கல. அவனுங்க ஏன் பிடிக்கணும், அவனுங்களுக்கு பிரேக்கே நான்தானே. என்னை இடிச்சு அவன் வேகத்தை குறைச்சுக்கிட்டு அழகா திரும்பிப் போறான், நான் தடுப்பைத் தாண்டி கடல்ல. ரீஸ்பான் ஆகி, அதாவது கேம் என்னைத் தூக்கி மறுபடி ரோட்டுல விட்டதும் பார்த்தா பத்தாவது இடம். ஜிடிஏ ஆன்லைன்ங்கிற இந்த வீடியோ கேம்ல ரேஸ் ஓட்டின யாருக்கும் இது புதுசு இல்ல.

அதனால இந்த அலசல்ல எந்த ட்ராக் அழகு, எந்த வண்டி சூப்பர்னு மட்டும் பேசப் போறதில்ல. நம்ம ரேஸை கெடுக்குறது யாரு, அதுதான் எனக்கு முக்கியம். ஒண்ணுல கூட ஓட்டுற ஆளு கெடுக்குறான், ஒண்ணுல நம்ம பேராசை கெடுக்குது, ஒண்ணுல ரோட்டுல சும்மா போற டாக்ஸிக்காரன். எது தாங்க முடியுதோ அதை எடுத்துக்கோங்க.

முதல்ல ஸ்டண்ட் ரேஸ். 2016 ஜூலைல வந்தது, இன்னிக்கும் லாபி, அதாவது ரேஸுக்கு முன்னாடி ஆட்கள் சேர்ற இடம், சீக்கிரம் நிறையுறது இதுக்குத்தான். வானத்துல தொங்குற ட்யூப், லூப், மேல ஏறினா வண்டியைத் தூக்கி எறியுற பூஸ்ட் பட்டை, முதல் தடவை பார்க்கும்போது வாய் பிளந்துடும். பிரச்சனை என்னன்னா இங்க ஓட்டத் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் நடுவுல அதிர்ஷ்டம்னு ஒருத்தன் உட்கார்ந்திருக்கான். பூஸ்ட் மேல ஏறுற நேரத்துல பக்கத்து வண்டி லேசா உரசினாலே போதும், நீங்க ஒரு திசை, உங்க வண்டி ஒரு திசை. இதுல கேட்ச்-அப்னு ஒரு செட்டிங் வேற, அது ஆன்ல இருந்தா பின்தங்கினவனுக்கு கேம் கூடுதல் வேகம் குடுக்கும், அதனால முன்னாடி போறவன் எவ்வளவு சுத்தமா ஓட்டினாலும் நாலு பேர் முதுகுலயே ஒட்டிக்கிட்டு வருவாங்க. கூடவே ஸ்லிப்ஸ்ட்ரீம், முன்னாடி வண்டிக்கு நேர் பின்னாடி கொஞ்ச நேரம் போனா காத்து கிழியுற மாதிரி சத்தம் வந்து வேகம் ஏறும். கடைசி நேர் ரோட்டுல முதல் இடத்துல இருக்கறதை விட ரெண்டாவதா ஒட்டிக்கிட்டு வர்றதுதான் நல்லதுன்னு கத்துக்க எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, அதுவரைக்கும் கோடு தெரியுற தூரத்துல தோத்த கணக்கு தனி.

இங்க உபயோகமான டிப்ஸ் கொஞ்சம்தான். ஸ்டார்ட்ல ஆக்சிலரேட்டரை முன்னாடியே அழுத்திப் பிடிக்காதீங்க, 'கோ' வர்ற அந்த நொடில அழுத்தினா சின்னதா ஒரு பூஸ்ட் கிடைக்கும். முதல் வளைவுல வேணும்னே ரெண்டு வண்டி நீளம் பின்தங்கி வாங்க, முன்னாடி நடக்குற கூத்து முடிஞ்சதும் நடுவுல புகுந்து போயிடலாம், பந்திக்குத்தான் முந்தணும், முதல் வளைவுக்கு இல்ல. வண்டில ஸ்பாய்லர் போட இடம் இருந்தா போடுங்க, அது அழகுக்கு மட்டும் இல்ல, கிரிப்பும் கூடும். சூப்பர் கிளாஸ் வண்டிங்க ஓடற ரேஸ்னா, வளைவு அதிகமா இருந்தா க்ரீகர், எமரஸ் மாதிரி வண்டி, நேர் ரோடு அதிகமா இருந்தா டெவஸ்டே எய்ட். அப்புறம் கர்ப் பூஸ்ட்னு ஒரு விஷயம், ரோடு ஓரக் கட்டைல டயர் ஏறி இறங்கும்போது சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி கொஞ்சம் முன்னாடி தள்ளப்படும், இடாலி ஜிடிஓ இதுக்கே பேர் போனது. இதெல்லாம் கேம்ல எங்கயும் எழுதி வைக்கல, ப்ரௌயி1322னு யூட்யூப்ல ஒருத்தர் வருஷக்கணக்கா ஒரே ட்ராக்குல ஒவ்வொரு வண்டியா ஓட்டி நேரம் குறிச்சு வெச்சதாலதான் பாதி பேருக்குத் தெரியும். ஆனா ஒண்ணு, இத்தனையும் தெரிஞ்சு வெச்சிருந்தாலும் எவனாவது வந்து சொருகினா எல்லாம் கோவிந்தா. ரேஸை நடத்தற ஹோஸ்ட் நீங்கன்னா நான்-கான்டாக்ட் போடுங்க, வண்டிங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு பேய் மாதிரி ஊடுருவிப் போகும். அது கொஞ்சம் சப்புனு இருக்கும்தான், ஆனா பிபி ஏறாது.

ஓபன் வீல் ரேஸ் இதுக்கு நேர் எதிர். 2020 பிப்ரவரில வந்தது, எஃப்1 மாதிரி வண்டி. முதல்ல பிஆர்4, ஆர்88னு ரெண்டு, அப்புறம் அதே வருஷம் ஆகஸ்ட்ல டிஆர்1, பிஆர்8. பிஆர்4 வாங்க கேம் காசு 35 லட்சத்துக்கு மேல ஆகும், அதைப் பார்த்து பயந்துடாதீங்க, பழகிக்கிற வரைக்கும் ரேஸுக்குள்ளயே குடுக்குற சாதா வண்டி போதும். இங்கதான் ரேஸ்னு ஒண்ணு நிஜமா நடக்குது. சாஃப்ட், மீடியம், ஹார்ட்னு டயர் தேர்ந்தெடுக்கணும், சாஃப்ட் ஒட்டிக்கிட்டு போகும் ஆனா சீக்கிரம் தேயும், ஹார்ட் ரொம்ப நேரம் தாங்கும் ஆனா வளைவுல வழுக்கும். தேய்ஞ்சா பிட்டுக்குள்ள போய் மாத்திக்கலாம், அடிபட்ட பாடியையும் அங்கயே சரி பண்ணிடுவாங்க.

இதுல பெரிய அழகு என்னன்னா, இடிக்கிறவனுக்கும் தண்டனை உண்டு. முன்பக்க விங் உடைஞ்சா வண்டி திரும்பவே திரும்பாது, ஸ்டியரிங்கை ஒடிச்சாலும் அது பாட்டுக்கு நேரா போகும். ஸ்டண்ட் ரேஸ்ல சொருகிட்டு சிரிச்சுக்கிட்டே போறவன் இங்க சொருகினா அவனோட மூக்கும் சேர்ந்து உடையும். அதனால ரெண்டு லாப் (சுத்து) போனதும் லாபியே நாகரிகமாயிடும், நம்ப மாட்டீங்க.

இங்க என்னைக் கெடுத்தது நான்தான். ஆறு லாப் ரேஸ், நாலாவது லாப் முடியறப்போ முதல் இடம், டயர் கலர் மாறி எச்சரிக்கை குடுக்குது, ரெண்டாவதா வர்றவன் நல்ல பிள்ளையா பிட்டுக்குள்ள போயிட்டான். நான் என்ன நினைச்சேன்னா, இன்னும் ரெண்டே லாப்தானே, இப்படியே தள்ளிடலாம்னு. அஞ்சாவது லாப்ல வண்டி ஐஸ்ல போற மாதிரி ஆயிடுச்சு, ஆறாவதுல ஒவ்வொரு வளைவுலயும் நான் சுவத்தைத் தடவிக்கிட்டு போக, அவன் புது டயரோட வந்து ஹாய் சொல்ற மாதிரி தாண்டிப் போனான். அவன் மேல கோவமே வரல, அதுதான் வித்தியாசம். ஸ்டண்ட் ரேஸ்ல தோத்தா கன்ட்ரோலரை வீசத் தோணும், இங்க தோத்தா இன்னொரு ரேஸ் போடத் தோணும். டிப்ஸ்னா ஒண்ணே ஒண்ணுதான், டயர் கலர் மஞ்சளா இருக்கும்போதே பிட்டுக்குப் போங்க, சிவப்பு வர்ற வரைக்கும் வேடிக்கை பார்க்காதீங்க. குறைனா ஆள் சேர்றதுதான், நான் போற நேரத்துல பல நாள் லாபில நானும் என் நிழலும் மட்டும். நாலு ஃப்ரெண்ட்ஸ் இருந்தா சொர்க்கம், இல்லன்னா காத்திருந்து காத்திருந்து தூக்கம் வந்துடும்.

ஸ்ட்ரீட் ரேஸ் பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன். 2021 ஜூலைல, கேமுக்குள்ள வண்டிக்காரங்க கூடுற கார் மீட் வந்தப்போ கூட வந்தது, மெம்பர்ஷிப் கேம் காசு 50,000. அதுலயே பர்ஸ்யூட் ரேஸ்னு ஒண்ணு, எந்த வழியா வேணா போகலாம், போலீஸ் வேற துரத்தும். மாத்தி அமைச்சு வேகம் ஏத்திக்கிற ட்யூனர் வண்டில காலிகோ ஜிடிஎஃப் எடுத்தா பாதி வேலை முடிஞ்சது. ஓட்ட ஜாலிதான், ஆனா எதிர்ல வர்ற டிராஃபிக்கை எவன் கணக்குல எடுக்கறது? கார் மீட்ல வெச்சிருக்கற பரிசு வண்டிக்காக தினமும் நல்ல இடம் பிடிக்கணும், அதுவும் விட்டு விட்டு இல்ல, வரிசையா இத்தனை நாள்னு. நாலு நாள் ஒழுங்கா முடிச்சேன், அஞ்சாவது நாள் சாயங்காலம் கரண்ட் கட். மறுபடி ஒண்ணுல இருந்து. அந்த வண்டி இன்னும் கார் மீட்ல கண்ணு முன்னாடி நிக்குது, நான் அந்தப் பக்கம் திரும்பறதே இல்ல.

கடைசியா டைம் ட்ரையல். இதை ரேஸ்னே பல பேர் மதிக்கறதில்ல, தனியா ஓட்டற ரேஸ் என்ன ரேஸ்னு. காசு வேணும்னா ஆனா இதான். மேப்ல ஒரு புள்ளி, அங்க போய் நின்னு ஸ்டார்ட் பண்ணி, அவங்க சொன்ன நேரத்துக்குள்ள முடிச்சா வாரம் ஒரு தடவை கேம் காசு ஒரு லட்சம். ஆர்சி பான்டிட்டோங்கிற குட்டி ரிமோட் கார் வெச்சிருந்தா அதுக்கான ட்ரையலுக்கும் தனியா ஒரு லட்சம். வியாழக்கிழமை ஆனா ட்ரையல் மாறும். நீங்க கூப்பிட்டவங்க மட்டும் வர முடியற இன்வைட் ஒன்லி செஷன்ல பண்ணுங்க, பொது செஷன்ல நீங்க பாட்டுக்கு பைக்ல போறப்போ மேல பறக்கற எவனுக்காவது போர் அடிச்சா ஏவுகணை உங்களுக்குத்தான்.

பெரிய வண்டி தேவையில்ல, 15,000 குடுத்து வாங்கின பாட்டி 801 (Bati 801) பைக்கை முழுசா அப்கிரேட் பண்ணி வெச்சா நிறைய ட்ரையல் முடிஞ்சிடும். நேர் ரோட்டுல முன்னாடி குனிஞ்சு ஓட்டணும், நிமிர்ந்து உட்கார்ந்தா அவ்வளவு வேகம் வராது. சிலியாட் மலை ஏறுற ட்ரையலுக்கு மட்டும் அந்த பைக் ஆகாது, பிஎஃப்400 இல்லன்னா சான்செஸ் எடுங்க. முக்கியமான விஷயம், இங்க நடுவுல கட்டாயம் தாண்டிப் போக வேண்டிய செக்பாயின்ட் கிடையாது. ஜிபிஎஸ் காட்டற கோடு வெறும் யோசனைதான், சந்துல புகலாம், புல்வெளில இறங்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க. நான் ஒரு வாரம் முழுக்க ஜிபிஎஸ் சொன்ன ரோட்டுலயே போய் மூணு செகண்ட், நாலு செகண்ட்னு விட்டுட்டு, கடைசில ஒரு பார்க்கிங் குறுக்கால போனப்போதான் முடிஞ்சது. எரிச்சல்னா டிராஃபிக், நல்ல ஓட்டம் போயிட்டு இருக்கும்போது சிக்னல்ல ஒரு டாக்ஸி திடீர்னு லேன் மாறும், நான் கண்ணாடி தாண்டி கம்பத்துல ஒட்டிக்கிட்டு இருப்பேன். திட்டறதுக்குக் கூட எதிர்ல ஆள் இல்ல. முட்டினதும் முடிக்கணும்னு பார்க்காம உடனே திரும்ப ஆரம்பிச்சிடுங்க, மொத்தமே ரெண்டு மூணு நிமிஷ வேலைதான்.

இப்போ என் கணக்கு இப்படி ஓடுது: வியாழக்கிழமை சாப்பிட்டு வந்ததும் டைம் ட்ரையல் ரெண்டையும் முடிச்சிடறது, சனிக்கிழமை பசங்க ஆன்லைன்ல இருந்தா ஓபன் வீல், ஸ்டண்ட்னா நான் ஹோஸ்ட்டா இருந்தா மட்டும். ஸ்ட்ரீட் பக்கம், மேல சொன்னேனே, திரும்பறதில்ல.

இந்த நாலுலயும் சேராம ராலின்னு ஒண்ணு இருக்கு, ஆரம்பத்துல இருந்தே இருக்கறதுதான். ஒருத்தர் ஓட்டணும், வழி அவருக்குத் தெரியாது, பக்கத்துல உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும், அவர் சொல்லச் சொல்லத் திருப்பணும். போன வாரம் என் தம்பியோட போனேன். "லெஃப்ட்டு லெஃப்ட்டு லெஃப்ட்டு"ன்னு கத்தினான், திருப்பினேன், நேரா ஆத்துக்குள்ள. என்னடான்னு கேட்டா, "உன் லெஃப்ட் இல்லண்ணா, என் லெஃப்ட்"ங்கிறான். ரெண்டு பேரும் ஒரே வண்டில, ஒரே பக்கம் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கோம்.