நடு அடுக்கோடு மல்லுக்கட்டிய அனுபவம்

1992-இல் வெளிவந்த எஸ்.ஏ.பி. ஆர்/3 என்ற தொகுப்பு, நிறுவன மென்பொருளை மூன்றாகப் பிரித்தது: பயனரின் கணினியில் திரை, நடுவில் வேலையின் விதிகளை இயக்கும் அப்ளிகேஷன் சர்வர், பின்னால் தரவுத்தளம். கொள்முதல், சரக்கு, கணக்கு என்று என் அலுவலக வேலை பல ஆண்டுகளாக இந்த அமைப்பில்தான் ஓடுகிறது. விளக்கப் படங்களில் மூன்று பெட்டிகளையும் ஒரே அளவில் வரைகிறார்கள். தினமும் புழங்குபவருக்கு நல்லதும் கெட்டதும் நடுப் பெட்டியிலிருந்துதான் வருகின்றன.

திரை அடுக்கு அழகில்லாதது, ஆனால் தொல்லை தராதது. நாம் என்டர் தட்டிய பிறகே நிரப்பிய விவரங்கள் சர்வருக்குப் போவதால் மந்தமான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கிறது.

நடு அடுக்கு இல்லாத இரண்டடுக்கு மென்பொருளில் விதி ஒன்று மாறினால் எல்லாக் கணினிகளிலும் புதிய பதிப்பை நிறுவ வேண்டியிருந்தது. இங்கே சர்வரில் மாற்றினால் போதும். இதை எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. டிஸ்பேட்சர் என்ற நிரல் நம் கோரிக்கையை வாங்கி, வேலையைச் செய்துமுடிக்கும் வொர்க் பிராசஸ்களில் ஓய்வாக இருக்கும் ஒன்றிடம் ஒப்படைக்கிறது. அந்தத் திரைக்கான வேலை முடிந்ததும் அந்தப் பிராசஸ் அடுத்தவருக்குப் போய்விடும். நாம் படிவத்தைப் பார்த்து யோசிக்கும் நேரத்தில் நமக்கென்று எதுவும் காத்திருப்பதில்லை. அதனால்தான் நூற்றுக்கணக்கானோர் உள்ளே இருந்தாலும் சில பத்து பிராசஸ்களும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையில் தரவுத்தள இணைப்புகளும் போதுமாகின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. தேதி வரம்பே கொடுக்காமல் நாலைந்து பேர் அறிக்கை எடுத்தால் அத்தனை பிராசஸ்கள் முடங்கிவிடும். மீதமுள்ளவையும் வேலையில் இருந்தால், தரவுத்தளம் திணறாவிட்டாலும் மற்றவர்கள் வரிசையில் நிற்க வேண்டியதுதான். "சர்வர் மெதுவாக இருக்கிறது" என்ற புகாரில் பாதி இந்த வகை என்பது என் கணிப்பு. பெரிய அறிக்கைகளைப் பின்னணி வேலையாக ஓட்டச் சொன்னால் மனிதர்கள் ஏனோ கோபித்துக்கொள்கிறார்கள்.

இன்னொரு குழப்பம் பஃபர். அடிக்கடி தேவைப்படும் சிறு அட்டவணைகளை ஒவ்வொரு சர்வரும் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. ஒரு சர்வரில் செய்த திருத்தம் மற்றவற்றுக்குத் தெரிய, வழக்கமான அமைப்பில் 60 வினாடி வரை ஆகலாம். பக்கத்து இருக்கைக்காரருக்குப் பழைய மதிப்பே தெரிந்தால், பதறாமல் சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஒருவர் திருத்தும்போது மற்றவர் திருத்தாமல் தடுக்கும் பூட்டும் நடு அடுக்கில்தான் இருக்கிறது. ஓர் ஆவணத்தைத் திருத்தப் பல திரைகளைக் கடக்க வேண்டும். தரவுத்தளத்தின் பூட்டோ ஒவ்வொரு திரை முடிவிலும் விலகிவிடும். எனவே என்கியூ சர்வர் தனியாக ஒரு பூட்டுப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆவணத்தைத் திறந்துவைத்துவிட்டு ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்கள் தவிப்பது இதனால்தான். எரிச்சலூட்டினாலும், ஒரே இருப்பை இருவர் திருத்திக் குழப்புவதைவிட இது மேல்.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது சேமிப்பைப் பற்றி. பல பரிவர்த்தனைகளில் ஆவண எண் திரையில் வந்த பிறகுதான், அப்டேட் பிராசஸ் பின்னணியில் தரவுத்தளத்தில் எழுதுகிறது. அந்த எழுத்து தோற்றால், கையில் எண் இருக்கும்; தேடினால் ஆவணம் இருக்காது. தோல்வியைத் தெரிவிக்கும் அவசர அஞ்சல் மென்பொருளுக்குள்ளேயே பயனருக்கு வந்துசேர்கிறது. பெரும்பாலானோர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள்.