மோட்டார்ஹோமுக்கு எந்த ரேடியோ? கையடக்க சி.பி.யும் அதன் போட்டியாளர்களும்

மோட்டார்ஹோமில் அமெரிக்காவைச் சுற்றக் கிளம்புகிறவர்கள் ரேடியோ வாங்கப் போனால் முதலில் கேட்பது, எத்தனை மைல் எட்டும் என்று. யாரிடம் பேசப் போகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. அதை யோசித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இந்த ஓடும் வீட்டுக்கு மூன்று வகைப் பேச்சு தேவைப்படுகிறது. நெடுஞ்சாலையில் முன்னே போகும் முகம் தெரியாத லாரிக்காரர்களிடம் ஒன்று. கூடவே இன்னொரு வண்டியில் வரும் மைத்துனர் குடும்பத்திடம் ஒன்று. மாலையில் கேம்ப்கிரவுண்டில் முப்பது அடி வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, மரத்தில் இடிக்காமல் வழி சொல்ல இறங்கி நிற்கும் கணவரிடமோ மனைவியிடமோ ஒன்று. மூன்றுக்கும் ஒரே கருவி போதும் என்று கையடக்க சி.பி. (பொதுமக்கள் அலைவரிசை ரேடியோ) வாங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

சேனல் 19-இல் இன்னும் யார் இருக்கிறார்கள்?

சி.பி. என்பது 27 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் பொதுமக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட அலைவரிசை. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1958-இல் அதை 23 சேனல்களோடு திறந்துவிட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்து, அடுத்த ஆண்டு நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் என்ற வேக வரம்பும் வந்தபோது, எந்த பங்கில் டீசல் கிடைக்கிறது, எந்த மேட்டுக்குப் பின்னால் போலீஸ் நிற்கிறது என்று லாரி ஓட்டுநர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டது இதில்தான். நெரிசல் தாங்காமல் 1977-இல் சேனல்கள் 40 ஆயின. 1983-இல் உரிமமும் வேண்டாம் என்றாகிவிட்டது.

அந்தக் கூட்டம் இப்போது இல்லை. கைபேசியும் வழிகாட்டிச் செயலிகளும் வந்தபின், லாரிக்காரர்கள் வழக்கமாகப் பேசும் சேனல் 19-ஐப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஓட்டினாலும் இரைச்சலைத் தவிர வேறு எதுவும் கேட்காத நாட்கள் உண்டு. ஆனாலும் போக்குவரத்து முடங்கும்போது அது விழித்துக்கொள்கிறது. செயலி சாலையைச் சிவப்பாகக் காட்டும்; இடது தடம் அடைபட்டிருக்கிறதா வலது தடமா, எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்பதை அங்கே மாட்டிக்கொண்ட லாரிக்காரர்தான் சொல்வார். வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையைக் குளிர்காலத்தில் கடப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பனியும் பக்கக்காற்றும் சேர்ந்து சாலையையே மூடவைக்கும் இடம் அது. சரக்கில்லாத டிரெய்லரைத் தள்ளும் காற்று, உயரமான பக்கச் சுவர் கொண்ட மோட்டார்ஹோமையும் தள்ளும். ஆகவே லாரிக்காரர்களின் புலம்பல் நமக்கும் செய்தி.

மேற்குக் கரையில் ஐ-5 வழியாகப் போகிறவர்கள் சேனல் 17-ஐக் கேட்க வேண்டும். அங்கே வழக்கம் அது. சேனல் 9 அவசர உதவிக்கென்று விதியிலேயே ஒதுக்கப்பட்டது. ஆனால் மறுமுனையில் எப்போதும் ஒருவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நம்பி மலையேற வேண்டாம். இன்னொன்று: சேனல் 19-இல் புழங்கும் மொழி குழந்தைகள் காதில் விழத் தக்கதல்ல. இயர்போன் செருகும் துளை உள்ள செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது.

கையில் பிடிப்பதா, வண்டியில் பொருத்துவதா?

சட்டம் இரண்டுக்கும் ஒரே அளவுதான் தருகிறது: வழக்கமான ஏ.எம். முறையில் 4 வாட். வித்தியாசம் முழுவதும் ஆன்டெனாவில் இருக்கிறது.

27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11 மீட்டர். ஆன்டெனா ஒழுங்காக வேலை செய்ய அதில் கால் பங்கு, கிட்டத்தட்ட 9 அடி வேண்டும். லாரிகளின் பக்கக் கண்ணாடியருகே ஆடும் நான்கடிக் குச்சிகளுக்குள் கம்பியைச் சுருளாகச் சுற்றி அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டியிருக்கிறார்கள். கையடக்க செட்டின் தலையில் இருப்பதோ ஒரு சாண் அளவு ரப்பர் குச்சி. நாம் கொடுக்கும் 4 வாட்டில் பெரும்பகுதி அலையாக வெளியே போகாமல் வீணாகிறது. சமவெளியில் ஒரு மைல், இரண்டு மைல் எட்டினால் நல்ல நாள். சரியாகப் பொருத்திய வண்டி செட் அதே இடத்தில் நான்கைந்து மைலைச் சிரமமில்லாமல் எட்டும்.

இங்கே கடைக்காரர்கள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அந்தக் குட்டைக் குச்சி பேசுவதற்குத்தான் மோசம், கேட்பதற்கு அவ்வளவு மோசமில்லை. 27 மெகாஹெர்ட்ஸில் ஆகாயத்திலேயே இரைச்சல் நிறைய உண்டு. குட்டை ஆன்டெனா லாரிக்காரரின் குரலை எவ்வளவு குறைத்து வாங்குகிறதோ, அதே அளவு அந்த இரைச்சலையும் குறைத்து வாங்குகிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதாகக் கெடாததால் குரல் தெளிவாகவே விழுகிறது. நாம் பதில் பேசும்போது கதை மாறுகிறது. நம் குரல் மட்டும் மெலிந்து போகிறது. அவருடைய நீண்ட ஆன்டெனா வாங்கும் இரைச்சலோ குறையவில்லை. அதில் நாம் மூழ்கிவிடுகிறோம். தெளிவாகக் கேட்கிறதே, பதில் சொன்னால் மட்டும் ஏன் யாரும் மதிப்பதில்லை என்று கையடக்க சி.பி. வாங்கியவர்கள் குமுறுவதற்குக் காரணம் இதுதான். லாரிக்காரர்கள் மரியாதை தெரியாதவர்கள் அல்லர். அவர்களுக்குக் கேட்கவே இல்லை.

எனவே கையடக்க சி.பி.யை வாய் என்று எண்ணாமல் காது என்று எண்ணி வாங்கினால் ஏமாற்றம் இல்லை. நூறு டாலரைச் சுற்றி ஒரு நல்ல காது கிடைக்கிறது. அதற்கும் சில நிபந்தனைகள் உண்டு. இன்வெர்ட்டர், சூரியத் தகடுகளின் சார்ஜ் கன்ட்ரோலர் போன்றவை கிளப்பும் இரைச்சலை ஏ.எம். அப்படியே வாங்கிக்கொள்ளும், கேட்க வேண்டிய நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். பேட்டரிச் செல்களை நம்பிப் பேசினால் அவை சீக்கிரம் தீரும், ஆகவே சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுக்கும் வயர் கட்டாயம். செட் இருக்க வேண்டிய இடம் ஓட்டுநரின் கை அல்ல, பக்கத்து இருக்கை.

பொருத்தும் செட்டுதான் சிறந்தது என்றால் எல்லோரும் அதையே வாங்கலாமே? மோட்டார்ஹோமின் உடல் அதற்கு ஒத்துழைப்பதில்லை. சாதாரண சி.பி. ஆன்டெனா தனக்குக் கீழே அகலமான உலோகப் பரப்பை எதிர்பார்க்கிறது. காரின் கூரை அதைத் தரும். பெரும்பாலான மோட்டார்ஹோம்களின் கூரை ஃபைபர்கிளாஸ் அல்லது ரப்பர் விரிப்பு. அப்படிப்பட்ட வண்டிகளுக்கென்றே உலோகப் பரப்பு தேவைப்படாத ஆன்டெனாக்கள் தனி வயரோடு விற்கிறார்கள். அந்த வயரையும் சாதாரண வயரையும் மாற்றிப் போட்டால் இரண்டுமே ஒழுங்காக வேலை செய்யாது. பொருத்தியபின், ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி செட்டுக்கே திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் வைத்து ஆன்டெனாவின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். அளவு 3-க்கு மேல் நின்றால் செட்டுக்கே ஆபத்து. உயரமும் பிரச்சினைதான். ஏ வகைப் பெரிய வண்டிகள் ஏற்கெனவே 12, 13 அடி உயரம். அதன் தலையில் நான்கடிக் குச்சியை நட்டால் பெட்ரோல் பங்கின் கூரையும் தாழ்ந்த மரக்கிளையும் அதைப் பதம் பார்க்கும். அதனால்தான் பலர் பின்பக்க ஏணியிலோ பக்கக் கண்ணாடித் தாங்கியிலோ கட்டுகிறார்கள். வாடகை வண்டியில் துளை போடுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நடுவழி: கையடக்க செட்டுக்கு வெளி ஆன்டெனா

மிட்லண்டின் 75-822 செட்டைப் பேட்டரிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, வண்டி மின்சாரமும் வெளி ஆன்டெனா இணைப்பும் கொண்ட அடாப்டரில் மாட்டலாம். கோப்ராவின் ரோட் ட்ரிப் செட்டோடு காந்த ஆன்டெனாவே சேர்ந்து வருகிறது. வாடகை மோட்டார்ஹோமுக்கு என் ஓட்டு இந்த வகைக்குத்தான். துளை இல்லை, கருவி திரும்ப நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும், வெளி ஆன்டெனா போட்டதும் அது ஏறக்குறைய முழு வண்டி செட்.

ஒரே இக்கட்டு, காந்தம் ஒட்ட இரும்பு வேண்டும். ஃபைபர்கிளாஸிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. வேன் முகப்பு கொண்ட சி வகை வண்டிகளில் பானெட் ஒட்டக்கூடும். வண்டியை எடுக்கப் போகும்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தொட்டுப் பாருங்கள்.

நம்மவர்களோடு பேச: எஃப்.ஆர்.எஸ்., ஜி.எம்.ஆர்.எஸ்.

இரண்டாவது, மூன்றாவது வகைப் பேச்சுக்கு சி.பி.யைத் தொடவே வேண்டாம் என்பது என் கட்சி. எஃப்.ஆர்.எஸ்., ஜி.எம்.ஆர்.எஸ். இரண்டும் குடும்பமும் நண்பர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வாக்கி-டாக்கி சேவைகள்; 462 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்குகின்றன. அங்கே கால் அலைநீளம் சுமார் 16 சென்டிமீட்டர்தான். சி.பி.யில் குள்ளனாக நின்ற அதே ஒரு சாண் குச்சி இங்கே முழு வளர்ச்சி பெற்ற ஆன்டெனா. எஃப்.எம். முறை என்பதால் இன்வெர்ட்டர் இரைச்சலும் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை.

எஃப்.ஆர்.எஸ். 1996-இல் வந்தது, உரிமம் வேண்டாம். 2017-இல் விதிகளைத் திருத்தியபோது பெரும்பாலான சேனல்களில் 2 வாட் வரை அனுமதித்தார்கள். அட்டைப்பெட்டியில் முப்பது மைலுக்கு மேல் என்று அச்சிட்டிருப்பதை மலை உச்சியிலிருந்து பள்ளத்தாக்கில் இருப்பவரோடு பேசும் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். சாலையில் வண்டிக்கு வண்டி ஒரு மைல் கிடைத்தால் போதும் என்று இருப்பவர்களுக்கு இது நிறைவு. வண்டியைப் பின்னால் எடுக்க இதைவிட எளிய கருவி இல்லை. கூச்சல் போட்டு கேம்ப்கிரவுண்டையே வேடிக்கை பார்க்க வைக்காமல் காரியம் முடியும்.

கூடுதல் தூரம் வேண்டுமென்றால் ஜி.எம்.ஆர்.எஸ். இதற்கு உரிமம் உண்டு, தேர்வு இல்லை. 35 டாலர் கட்டினால் பத்து ஆண்டுகள். கைக்கருவியில் 5 வாட், வண்டியில் பொருத்தினால் 50 வாட் வரை. கடையில் கிடைக்கும் 15 வாட் செட்டும் காந்த ஆன்டெனாவும் பெரும்பாலோருக்கு ஏராளம். இந்த ஆன்டெனா சிறியது என்பதால் ஒரு அடி அகல இரும்புத் தகடே அதற்கு உலோகக் கூரையாகிவிடும். பேச்சின் முடிவிலும், நீண்ட பேச்சானால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறையும் உரிமத்தின் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் எடுத்த உரிமம் குடும்பம் முழுவதற்கும் செல்லும். அந்தக் குடும்பப் பட்டியல் நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைபோல் நீள்கிறது: மனைவி, கணவர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், மாமா, அத்தை, சித்தப்பா, அண்ணன் தங்கை பிள்ளைகள், சம்பந்த வழி உறவுகள் எல்லோரும் உண்டு. சித்தப்பா மகன் மட்டும் இல்லை. நமக்கு அவர் தம்பிதான், எஃப்.சி.சி. அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் தனியாக 35 டாலர் கட்ட வேண்டும், அல்லது எஃப்.ஆர்.எஸ். கருவி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு சேவைகளுக்கும் 22 சேனல்கள் பொது என்பதால் பேச்சுக்குத் தடையில்லை.

ஆனால் லாரிக்காரர் இங்கே இல்லை. ஜீப் ஓட்டும் குழுக்கள் பல சி.பி.யை விட்டு ஜி.எம்.ஆர்.எஸ். பக்கம் வந்துவிட்டன, லாரிகள் வரவில்லை. எவ்வளவு சக்தி வாய்ந்த செட்டை வாங்கினாலும் வயோமிங் காற்றைப் பற்றி இதில் யாரும் சொல்லப் போவதில்லை.

கைபேசியும் செயற்கைக்கோளும்

யெல்லோஸ்டோன் பூங்காவின் பெரும்பகுதியிலும், 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று பெயர் வாங்கிய நெவாடாவின் யு.எஸ். 50 சாலையின் நீண்ட பகுதிகளிலும் சிக்னல் கிடையாது. உயிர் போகும் அவசரத்துக்குச் செயற்கைக்கோள்தான் சரியான துணை, எந்த ரேடியோவும் அல்ல. ஐபோன் 14-இலிருந்து அவசரச் செய்தி அனுப்பும் வசதி கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். பயணம் முடிந்து ஊருக்கு விமானம் ஏறுகிறவர்கள் அந்த இன்ரீச்சைப் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அனுமதியில்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்ட விரோதம். விமான நிலையத்தில் சிக்கியவர்கள் இருக்கிறார்கள்.

வானிலை அறிவிப்பு கிடைக்கிறதே என்று சி.பி. வாங்குவதில் பொருளில்லை. அமெரிக்க அரசின் வானிலை அமைப்பான நோவாவின் ஏழு வானிலை அலைவரிசைகளைப் பல எஃப்.ஆர்.எஸ்., ஜி.எம்.ஆர்.எஸ். கருவிகளும் வாங்கித் தருகின்றன. அமெச்சூர் ரேடியோ இவை எல்லாவற்றையும்விட வலிமையானது. ஆனால் அதன் உரிமத்துக்கு 35 கேள்விகளில் 26-க்குச் சரியான விடை எழுதித் தேற வேண்டும், கூட வருபவரும் தேற வேண்டும். அது பொழுதுபோக்காகப் பிடித்தவர்களுக்கு.

என்ன வாங்கலாம்?

கோடையில் ஒரு வாரம், வாடகை வண்டி, தேசியப் பூங்காக்கள் என்றால் ஒரு ஜோடி எஃப்.ஆர்.எஸ். போதும்; சி.பி. வேண்டாம். இரண்டு மூன்று வண்டிகள் சேர்ந்து போனால் ஜி.எம்.ஆர்.எஸ். உரிமம் எடுத்துவிடுங்கள். ஐ-80 போன்ற நீண்ட நெடுஞ்சாலைகளில், அதுவும் குளிர்காலத்தில் ஓட்டுகிறவர்கள் அதோடு வெளி ஆன்டெனா மாட்டக்கூடிய கையடக்க சி.பி. ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சொந்த மோட்டார்ஹோம் வைத்து ஆண்டில் பல மாதம் சாலையில் இருப்பவர்கள் கையடக்க செட்டில் காசைப் போடாமல், ஃபைபர்கிளாஸ் கூரைக்கு ஏற்ற ஆன்டெனாவோடு வண்டி செட்டையே பொருத்திவிடலாம். 2021-இல் எஃப்.சி.சி. சி.பி.யிலும் எஃப்.எம். முறையை அனுமதித்திருக்கிறது. சேனல் 19 இன்னும் ஏ.எம்.மில்தான் பேசுகிறது என்பதால் அதற்காக அதிக விலை கொடுக்க நான் சொல்லமாட்டேன்.

அலாஸ்கா நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போகிறவர்கள் கனடாவின் விதியையும் பார்க்க வேண்டும். சி.பி.க்கு அங்கேயும் அதே 40 சேனல்கள், உரிமம் இல்லை. ஜி.எம்.ஆர்.எஸ்.ஸுக்கும் உரிமம் வேண்டாம், ஆனால் 2 வாட்தான் உச்சம், குரலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டரும் கூடாது. எல்லைச் சாவடிக்கு முன்பே 15 வாட் செட்டை அணைத்துவிட்டு 2 வாட் கைக்கருவிக்கு மாறிக்கொள்ளுங்கள், சி.பி. அதன் பாட்டுக்கு ஓடட்டும்.