ஒயில் குடிக்கும் பழைய பிரியஸ்: நீண்டகாலப் பாவனையில் தெரிந்தவை

பழைய டொயோட்டா பிரியஸ் ஹைபிரிட் கார் வாங்க வருபவர் முதலில் கேட்பது ஹைபிரிட் பற்றரி எப்படி இருக்கிறது என்பதைத்தான். பற்றரி பழுதானால் திரையில் முக்கோணம் எரியும், மொட்யூல்களை மாற்றிக்கொள்ளலாம். எஞ்சின் ஒயில் குறைவது அப்படிச் சத்தம் போட்டுச் சொல்லாது. சிவப்பு ஒயில் விளக்கு அழுத்தத்தைத்தான் காட்டும், மட்டத்தை அல்ல. வளைவில் திரும்பும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ அது மின்னினால், ஒயில் தட்டு ஏறக்குறைய வற்றிவிட்டது என்று அர்த்தம். 2020இல் இறக்குமதி நின்று 2025 தொடக்கம் வரை தனியார் கார்கள் வராததால், இலங்கையில் இந்த வண்டிகள் அதிக காலம் ஓடவேண்டியதாயிற்று. ஆகவே இதைத் தெரிந்துவைத்திருப்பது இங்கே மிகவும் அவசியம்.

இங்கே சொல்வது மூன்றாம் தலைமுறை பிரியஸ் பற்றியது: 2009 முதல் 2015 வரை விற்ற இசட்விடபிள்யூ30, 1.8 லீற்றர் 2இசட்ஆர்-எஃப்எக்ஸ்ஈ எஞ்சின். ஃபில்டரோடு மாற்றினால் 4.2 லீற்றர் ஒயில் பிடிக்கும். 1.5 லீற்றர் எஞ்சின் உள்ள டொயோட்டா அக்வாவுக்கு 3.7 லீற்றர். அளவுகள் வேறானாலும் கீழே வரும் பெரும்பாலான விஷயம் அக்வாவுக்கும் பொருந்தும்.

முதலில் அளவு

"ஒயில் குறையுது" என்று கராஜில் சொல்வதால் பயனில்லை. எத்தனை கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று தெரியவேண்டும். ஒரே சமதளத்தில், காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கைத் துடைத்து இரண்டு தடவை பாருங்கள். மேல் குறிக்கும் கீழ் குறிக்கும் இடையில் பிரியஸில் சுமார் 1.5 லீற்றர். மேல் குறிவரை நிரப்பி, 1,000 கிலோமீற்றர் ஓடி, மறுபடி மேல் குறி வரும்வரை அளவுக் கோப்பையால் ஊற்றினால் கணக்கு கையில் இருக்கும்.

2,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் குடிக்கும் வண்டி 3,000 கிலோமீற்றரில் கீழ் குறிக்கு வந்துவிடும். 5,000க்கு சேர்விஸ் போகும்போது உள்ளே இருப்பது 1.7 லீற்றர்தான். 10,000க்கு ஒருமுறை சேர்விஸ் என்று நம்பி ஓடிய எஞ்சின்கள் பெயரிங் தட்டி வந்து நிற்பது இதனால்தான். 5,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றருக்குள் என்றால் ஊற்றி ஓடலாம், பயமில்லை. ஒப்பீட்டுக்கு: டொயோட்டா 2011இல் அமெரிக்காவில் வேறு வகையான 2ஏஇசட் எஞ்சின்களுக்கு வைத்த எல்லை 1,200 மைலுக்கு ஒரு குவாட், அதாவது சுமார் 2,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர். அதைத் தாண்டினால் எஞ்சினுக்குள் வேலை இருக்கிறது.

எங்கே போகிறது

வெளிக்கசிவை முதலில் தள்ளிவையுங்கள். ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், வடிப்பு போல்ட்டின் வாஷர், வால்வ் கவர், டைமிங் கவர் ஓரம் ஆகியவற்றைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓடிப் பார்த்தால் போதும்.

உள்ளே எரிவதென்றால், அநேகமாகப் பிஸ்டனின் மூன்றாவது ரிங்தான் காரணம். ஒயிலை வழித்து இறக்கும் அந்த ரிங், உராய்வைக் குறைப்பதற்காக இழுவிசை குறைவாகச் செய்யப்பட்டது. அதன் பின்னால் ஒயில் திரும்பிப் போகும் சிறு துளைகள் கார்பனால் அடைந்துவிடும். ஹைபிரிட்டில் இது சீக்கிரம் நடக்கக் காரணம், எஞ்சின் அடிக்கடி நின்று நின்று ஓடுவதுதான். கொழும்பு நெரிசலில் ஒயில் சரியாகச் சூடேற முன்னரே எஞ்சின் நின்றுவிடும். நீராவியும் பெற்றோல் ஆவியும் ஒயிலிலேயே தங்கிப் பிசினாகும்.

பலர் ஏமாறும் இடம், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை. கம்ப்ரெஷனைப் பிடிப்பது மேல் இரண்டு ரிங்குகள். மூன்றாவது முழுதாக அடைந்திருந்தாலும் அளவு நன்றாகவே வரும். "கம்ப்ரெஷன் ஓகே, ரிங் நல்லம்" என்று யாராவது சொன்னால் ஏற்கவேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கமராவை விட்டுப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். ஓரம் மட்டும் கழுவினதுபோல் சுத்தமாகவும் நடு கருப்பாகவும் இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒயில் ஏறுகிறது. இரவு நின்ற வண்டி காலையில் மட்டும் நீலப்புகை விட்டு அடங்கினால் வால்வ் சீல்களைச் சந்தேகிக்கலாம்.

ஒயில் மட்டுமே போவதில்லை

இந்த எஞ்சினில் ஒயில் எரிவதைச் சும்மா விடமுடியாததற்குக் காரணம் ஈஜிஆர், அதாவது எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் அமைப்பு. பிசிவி (எஞ்சினின் அடிப்பகுதி ஆவியை வெளியே விடும் வால்வ்) வழியாக இன்டேக் மெனிஃபோல்டுக்கு (காற்று உள்ளே போகும் குழாய்த் தொகுதி) வரும் ஒயில் ஆவி, ஈஜிஆர் கொண்டுவரும் கரியோடு சேர்ந்து தாராகிறது. மெனிஃபோல்டில் உள்ள நான்கு சிறு துளைகளும் ஈஜிஆர் கூலரும் அடைகின்றன. பிறகு சிலிண்டர்களுக்குப் போகும் ஈஜிஆர் சமமில்லாமல் போய், வெப்பமும் நொக்கிங்கும் (எரிபொருள் நேரம் தப்பி வெடித்துத் தட்டுவது) கூடி, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளொக்குக்கும் இடையில் உள்ள ஹெட் கஸ்கெற் போகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் உலுக்கி, கூலன்ட்டும் குறைந்தால் அந்த நிலைக்கு வந்துவிட்டது. ஈஜிஆர் ஓட்டம் குறைந்ததைக் காட்டும் பி0401 கோட் வரும்வரை காத்திருப்பது பிந்திய வேலை. எரிந்த ஒயிலில் உள்ள பொஸ்பரஸ், புகையைச் சுத்தமாக்கும் கட்டலிட்டிக் கன்வேர்ட்டரையும் நாளடைவில் கெடுக்கும், அதன் அடையாளம் பி0420 கோட்.

அதனால் ஒயில் குடிக்கும் வண்டிக்கு முதல் செலவு இதுதான்: மெனிஃபோல்ட், ஈஜிஆர் வால்வ், கூலர் மூன்றையும் கழற்றிக் கழுவுங்கள். கூலரைக் கார்பன் கரைப்பானில் ஊறவைத்து, தண்ணீர் தடையின்றிப் போகும்வரை திரும்பத் திரும்பச் செய்யவேண்டும். மெனிஃபோல்ட் கழன்றிருக்கும்போதே பிசிவி வால்வையும் மாற்றுங்கள். மெனிஃபோல்டின் பின்னால் மறைந்திருப்பதால் அதைத் தனியாக மாற்றுவது சிரமம், விலையோ சொற்பம்.

பிஸ்டன் ஊறவைத்தல்

ரிங் தேயாமல் கார்பனால் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைக் கரைப்பானில் ஊறவைப்பது நல்ல பலன் தரும். தேய்ந்திருந்தால் தராது. எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தி, 12 வோல்ட் பற்றரியைக் கழற்றி, ஸ்மார்ட் கீயைத் தூரத்தில் வையுங்கள். கொயில்களையும் பிளக்குகளையும் எடுத்து, கிராங்க் போல்ட்டைக் கையால் சுற்றி நான்கு பிஸ்டன்களையும் பாதி உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் 50 மில்லிலீற்றர் கரைப்பான் ஊற்றி ஓர் இரவு விடுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் திரவம் இறங்காமல் நின்றால் அங்கேதான் அடைப்பு அதிகம், அதை மறுபடி ஊறவைக்கலாம்.

மிகப் பெரிய ஆபத்து இதற்குப் பிறகு. சாதாரணக் காரில் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றி மிச்சத்தை வெளியேற்றுவார்கள். பிரியஸில் ஸ்டார்ட்டர் கிடையாது. எம்ஜி1 மோட்டர் எஞ்சினைப் பெரும் விசையோடு ஒரேயடியாகச் சுழற்றும். சிலிண்டரில் திரவம் மிஞ்சியிருந்தால் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும். ஆகவே சிரிஞ்ச்சில் டியூப் பூட்டி உறிஞ்சி எடுத்து, துணியால் பிளக் துளைகளை மூடி, ஸ்பானரால் எஞ்சினைப் பல சுற்று சுற்றுங்கள். துணி நனையாமல் வரவேண்டும். கரைப்பான் கீழே ஒயிலோடு கலந்திருக்கும் என்பதால், ஒயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகுதான் எஞ்சினை இயக்கலாம். திறந்த வெளியில் மெயின்டனன்ஸ் மோடில் ஓடவிடுங்கள்: பிரேக் மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, பார்க் (பி) நிலையில் அக்சிலரேட்டரை முழுதாக இரண்டு தடவை, நியூட்ரல் (என்) நிலையில் இரண்டு தடவை, திரும்பவும் பி நிலையில் இரண்டு தடவை, எல்லாம் 60 செக்கனுக்குள். திரையில் அந்த மோட் தெரிந்ததும் பிரேக் மிதித்து ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் நிற்காமல் ஓடும். புகை கொஞ்ச நேரம் கடுமையாக வரும். 1,000 கிலோமீற்றரில் ஒயிலை மறுபடி மாற்றுங்கள்.

ஒயிலைப் பொறுத்தவரை, வெப்பமான நாட்டில் ஓடிக் களைத்த எஞ்சினுக்கு 0டபிள்யூ-20க்குப் பதில் சற்றுத் தடித்த 5டபிள்யூ-30 ஊற்றுவது நியாயமானது. எரிபொருள் சிக்கனம் சற்றுக் குறையும். எதை ஊற்றினாலும் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். குறைவதை ஈடுசெய்ய மேல் குறிக்கு மேலே ஊற்றாதீர்கள். கிராங்க் அடித்து நுரையாக்கும், பிசிவி வழியாக இன்னும் அதிகம் போகும்.

திறப்பதா, மாற்றுவதா

1,000 கிலோமீற்றருக்கு ஒரு லீற்றர் என்று வந்துவிட்டால் ஊறவைப்பதில் நேரம் போக்கவேண்டாம். ஹெட்டைக் கழற்றி ரிங் போடுவதென்றால் பிஸ்டன்களின் ஒயில் துளைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் புது ரிங் பூட்ட விடாதீர்கள். துளை அடைத்தபடி இருந்தால் சில மாதங்களில் பழைய கதைதான். முடிந்தால் பிஸ்டனையும் சேர்த்து மாற்றுங்கள். ஹெட் போல்ட்டுகளும் கஸ்கெற்றும் புதிதாக இருக்கவேண்டும்.

ஜப்பானில் இருந்து வரும் ரீகண்டிஷன் எஞ்சின் மலிவாகத் தெரியும், ஆனால் அதுவும் பெரும்பாலும் அதே ரிங்குகளோடு வருவதுதான். வாங்க முன் பிளக் துளைகளுக்குள் கமரா விட்டு நான்கு பிஸ்டன்களையும் பாருங்கள், ஒயில் மூடியைத் திறந்து உட்பக்கப் பிசினைப் பாருங்கள். வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே அதன் ஈஜிஆரையும் மெனிஃபோல்ட்டையும் கழுவி, பிசிவியை மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். எஞ்சின் வெளியே இருக்கும்போது அரை நாளில் முடிகிற வேலை அது.