லாவண்டரா, சம்பா வயலா, கொடிக்காலா?

ஊதா நிற வயல்களின் படம் கைபேசிக்கு வரும்போதெல்லாம், டெல்டாவிலும் லாவண்டர் போட்டுச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கலாமே என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஜப்பானின் ஃபுரானோவில், செயற்கை வாசனைப் பொருள்களின் வரவால் விலையிழந்து கைவிடப்படும் நிலையிலிருந்த லாவண்டர் வயலொன்று, 1976-இல் அந்நாட்டு ரயில்வேயின் நாட்காட்டியில் படமாக வந்த பின்னரே கூட்டத்தை இழுக்கத் தொடங்கியது. நம் நாட்டிலும் ஜம்முப் பகுதியின் பதர்வா இன்று லாவண்டரால் பெயர் பெற்றிருக்கிறது.

ஆனால், அவை குளிர் விழும் ஊர்கள். லாவண்டருக்கு நீர் தேங்காத, சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வடிகால் வாய்க்காலே ததும்பி நிற்கும் நம் களிமண்ணில் அதன் வேர் அழுகிவிடும். கூடாரம் போட்டு நாலு தொட்டி வளர்க்கலாம். அதைப் பார்க்க யாரும் ரயிலேறி வரப்போவதில்லை.

சம்பா வயலுக்குச் செலவு எதுவும் புதிதாக இல்லை. தை மாதத்தில் கதிர் முற்றி, மாப்பிள்ளைச் சம்பா ஆளுயரத்துக்கு நிற்கும்போது அதன் அழகு எந்த ஊதாவுக்கும் குறைந்ததன்று. பொங்கல் விடுமுறையும் அப்போதே வருகிறது. சிக்கல் என்னவென்றால், அறுவடை இயந்திரம் இறங்கிய காலையிலேயே வயல் வெறும் தாள்கட்டையாகிவிடும், மழைக்குப் பயந்த விவசாயி விருந்தாளிக்காக அறுப்பைத் தள்ளிப்போடவும் மாட்டார்.

என் மனம் சாய்வது வெற்றிலைக் கொடிக்கால் பக்கம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது; 2004 முதல் யுனெஸ்கோ பட்டியலிலுள்ள தாராசுரம் கோயிலுக்கு வருவோர் ஆண்டு முழுவதும் அருகிலேயே இருக்கிறார்கள். அகத்தி மரங்களில் கொடி ஏறி நிற்கும் அந்த நிழலுக்குள், வெளியே உச்சிவெயில் கொளுத்தும் நேரத்திலும், ஈரமண்ணும் பச்சிலையும் கலந்த வாசனையோடு குளிர்ச்சி இருக்கும். கிள்ளிய இலைகளைக் காம்பு ஒருபக்கமாக வைத்து, நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். இது படத்துக்கு லாவண்டர் அளவு எடுப்பாக வராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேருந்து நிறைய ஆட்களையும் கொடிக்கால் தாங்காது. வாடல் நோய் மண்ணோடு பரவக்கூடியது என்பதால், பத்துப் பேராகப் பிரித்து, செருப்பை வரப்பிலேயே விடச் சொல்லி, கொடிக்கால்காரர் குறிக்கும் நேரத்தில் மட்டுமே உள்ளே அழைத்துச் செல்ல வேண்டும்.