ஆற்றோரத் தெருவுக்கு எது சரி: புளோயர் நிலையமா, நாணல் படுகையா?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் போட்டு, மன்னார்குடிப் பக்கத்து எங்கள் ஊரில் ஆற்றோரத் தெருவின் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஓர் ஏற்பாடு செய்தோம். புளோயர் (காற்று ஊதும் இயந்திரம்) வைத்த நிலையமா, ஜல்லியில் நாணல் வளர்த்து அதற்குள் கழிவுநீரை ஊறவிடும் நாணல் படுகையா என்பதில்தான் பேச்சு நீண்டது. படுகையைத் தேர்ந்தெடுத்தோம். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், நிரம்பினால் லாரி என்ற பழைய வழியும் உண்டு. அந்த லாரி எங்கே போய்க் கொட்டுகிறது என்று ஊருக்கே தெரியும். அதை விட்டுவிடலாம்.

இயந்திர நிலையத்தின் நல்ல பக்கம் தெளிவானது. தொட்டிக்குள் காற்றை ஊதினால் பாக்டீரியா பெருகி அழுக்கைத் தின்னும். இடம் கொஞ்சம் போதும், அமோனியாவும் நன்றாகக் குறையும். நான் இங்கே பிழைப்பதே இந்த பம்ப், புளோயர் பராமரிப்பில்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசியபோது, “அண்ணே, சாங்கியில ஓடுற கழிவுநீர் நிலையத்தையே சின்னதா நம்ம ஊர்ல வச்சிடலாமே” என்றான் ஒரு தம்பி. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை கழிவுநீருக்காக 48 கிலோமீட்டர் நிலத்தடிச் சுரங்கம் போட்டு, 2008-இல் முடித்துக் காட்டிய நாட்டில் வாழ்பவனுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான்.

ஆனால் ஊருக்குப் போய்ச் சேராதது பராமரிப்பு. இங்கே ஒரு புளோயர் நின்றால் மாற்று புளோயர் ஓடும், இரவு ஷிப்டிலும் ஆள் இருக்கும். ஊரில் கரண்ட் போனாலோ, பெல்ட் அறுந்தாலோ யார் பார்ப்பது? காற்று நின்றதும் பழுப்பு நிறச் சேறு கறுக்கத் தொடங்கும். அப்புறம் அழுகிய முட்டை நாற்றம். பாக்டீரியா செத்துப்போனால், புளோயரைத் திரும்ப ஓட்டினாலும் தொட்டி பழைய நிலைக்கு வர வாரக்கணக்காகும். அதுவரை வருவது வந்தபடியே ஆற்றுக்குப் போகும். இப்படிப்பட்ட நிலையத்தில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்று ஊதவே போய்விடும். பில் கட்டப் பணமில்லாத மாதம் முதலில் அணைப்பதும் புளோயரைத்தான்.

எங்கள் ஆற்றுக்கு இன்னொரு சங்கடம். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவார்கள். மூடிய பிறகு ஆற்றில் மணல்தான். அந்த மாதங்களில் சாக்கடை வந்தால், அதைக் கரைத்துக்கொண்டு போகத் தண்ணீர் கிடையாது.

படுகையில் கரண்ட் வேலையே இல்லை. கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கி மண்டி இறக்குகிறது. பிறகு தடுப்புச் சுவர்களுக்கிடையே ஏறி இறங்கிச் சென்று, ஜல்லியில் நட்ட நாணலும் கல்வாழையும் இருக்கும் படுகைக்குள் ஊறிப் போகிறது. தண்ணீர் மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்குக் கீழேயே நிற்பதால் கொசுவும் வருவதில்லை. செடியை அவ்வப்போது வெட்ட வேண்டும், நுழைவாயிலில் சிக்கும் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும்; தெருவிலேயே ஒருவர் பார்த்துக்கொள்கிறார். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மண்டியை லாரி வைத்து உறிஞ்ச வேண்டும். அந்த லாரி சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013 சட்டமே, பாதுகாப்புக் கருவியில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது.

குறையும் உண்டு. இடம் நிறைய பிடிக்கும். அமோனியா விஷயத்தில் இயந்திரத்தோடு போட்டி போட முடியாது. நாங்கள் பார்த்தது ஒரே ஒரு வடகிழக்குப் பருவமழைதான், அதுவும் பெரிய மழை இல்லை. வருடங்கள் போனபின் ஜல்லி எவ்வளவு அடைக்கும் என்பதையும் இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

நெருக்கமாக வீடுகள் இருந்து, காலி மனையே இல்லாத தெருவென்றால் இயந்திரத்தைத் தவிர வழியில்லை. அப்படி வைப்பவர்கள், கட்டுமானப் பணத்தோடு ஐந்து வருடத்துக்கான கரண்ட் பில்லையும் ஆபரேட்டர் சம்பளத்தையும் முன்கூட்டியே வங்கியில் போட்டுவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும்.