செத்த அடமானமா, உயிருள்ள அடமானமா?

அடமானத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'மார்ட்கேஜ்' பழைய பிரெஞ்சுச் சொல். நேர்ப்பொருள் 'செத்த அடமானம்'. 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'உயிருள்ள அடமானம்' என்றும் ஒன்று இருந்தது. இரண்டிலும் நிலம் கடன் கொடுத்தவர் கையில்தான். உயிருள்ளதில் நிலத்தின் வருமானம் கடனில் கழியும். 100 ஷில்லிங் கடன், வருஷத்துக்கு 20 ஷில்லிங் வருமானம் என்றால் 5 வருஷத்தில் நிலம் திரும்பிவிடும். செத்ததில் விளைச்சல் முழுக்கக் கடன் கொடுத்தவருக்கே; அசலில் ஒரு காசு குறையாது. அன்று பாவமாகக் கருதப்பட்ட அப்பட்டமான வட்டி இது. கிளான்வில் பெயரில் வழங்கும் அந்தக் கால ஆங்கிலேயச் சட்டநூலும் அப்படித்தான் சொல்கிறது. ஆனாலும் அரசர் நீதிமன்றம் தடுக்கவில்லை.

15-ஆம் நூற்றாண்டில் லிட்டில்டன் என்ற ஆங்கிலேயச் சட்ட அறிஞர் இந்தப் பெயருக்கு வேறு விளக்கம் தந்தார்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்தது, கட்டினால் கொடுத்தவருக்குச் செத்தது. கேட்க அழகுதான். ஆனால் பழைய விளக்கமே சரியென்று படுகிறது. கடனாளியின் வலி அதில்தான் தெரிகிறது.