மான்டி கார்லோவா, பாடன்-பாடனா: ஆடாதவர் எதைப் பார்ப்பது?

சூதாடப் போகிறவருக்கு இது உதவாது. பழைய ஐரோப்பிய கேசினோ ஒன்றை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், ஆனால் நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மான்டி கார்லோவில் பாதி வேடிக்கை வாசலிலேயே முடிந்துவிடும். நீஸிலிருந்து ரயிலில் அரை மணிக்குள் மொனாக்கோ. கேசினோ முன்னால் விலையுயர்ந்த கார்கள் நிற்கும், அவற்றைப் படம் எடுக்க ஒரு கூட்டம் நிற்கும். உள்ளே முன்கூடத்தில் ஓனிக்ஸ் கல் தூண்கள். ஒட்டியே, பாரிஸ் ஆப்பரா மாளிகையைக் கட்டிய ஷார்ல் கார்னியேயின் 1879ஆம் ஆண்டு அரங்கம். தங்கப்பூச்சு கொஞ்சம் திகட்டத்தான் செய்யும்.

கதை அதைவிட ருசி. நிலத்தில் பெரும்பகுதியை இழந்து காசில்லாமல் கிடந்த மொனாக்கோ, 1863இல் ஃபிரான்சுவா பிளாங்க் என்பவரிடம் கேசினோவை ஒப்படைத்தது. 1869இலேயே மக்களுக்கு வருமான வரி இல்லை என்றாகிவிட்டது. மொனாக்கோ குடிமக்கள் மட்டும் அங்கே ஆடக் கூடாது. ஊரான் வீட்டு நெய்யே கணக்குதான்!

அந்த பிளாங்க் தொழில் படித்த இடம் ஜெர்மனி. ஹோம்பர்க் என்ற ஊரில் ரூலெட் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஒற்றைப் பூஜ்யம் வைத்து ஆள் இழுத்தவர் அவர். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும் ஒரு பூஜ்யமுமாக 37 குழிகள்; உருளும் பந்து விழும் குழியின் எண்தான் ஜெயிக்கும். ஒரே எண்ணில் கட்டி ஜெயித்தால், கட்டிய பணத்தோடு 35 மடங்குதான் தருவார்கள். அந்த இடைவெளியில்தான், நூற்றுக்கு 2.7 வீதம், இத்தனை பளிங்கும் எழும்பியது.

ஜெர்மனியிலேயே இருக்கும் பாடன்-பாடன் வேறு ரகம். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் தூண்களோடு அடக்கமான கூர்ஹவுஸ், அதாவது வெந்நீர் ஊற்று ஊரின் பொழுதுபோக்கு மாளிகை; கேசினோ இதற்குள்தான். 1824இல் கட்டி முடித்தது. உள்ளே போனால், கேசினோவை நடத்திய பெனாசே குடும்பம் 1850களில் பிரெஞ்சு அரண்மனைப் பாணியில் அமைத்த கூடங்கள்: சிவப்புப் பட்டு, சரவிளக்குகள். 1867இல் தஸ்தயேவ்ஸ்கி புது மனைவி அன்னாவோடு வந்து, திருமண மோதிரங்கள் வரை அடகு வைத்துத் தோற்ற ஊர் இது. ‘சூதாடி’ நாவலை அதற்கு முந்தைய வருடமே எழுதி முடித்திருந்தார். எழுதியும் திருந்தவில்லை. 1872 முடிவில் ஜெர்மனி கேசினோக்களை மூடியது; ஆட்டக்காரர்கள் மான்டி கார்லோவுக்குப் போனார்கள். இங்கே சக்கரம் மறுபடி சுழன்றது 1933இல்தான்.

வெனிஸ் கேசினோவையும் சிலர் சொல்வார்கள். 1638இலிருந்தே இருக்கிறது என்று பெருமை பேசினாலும், அந்த ஆண்டில் திறந்த ரிதோத்தோ என்ற சூதாட்டக்கூடம் வேறு கட்டடம், 1774இல் மூடிவிட்டார்கள். இப்போதைய மாளிகையை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர் இறந்த இடம் என்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

என் ஓட்டு பாடன்-பாடனுக்கு. இரண்டு இடத்திலும் காலையில் சுற்றிப் பார்க்க விடுவார்கள், ஆட்டம் அதற்குப் பிறகு. ஆனால் பாடன்-பாடனில் வழிகாட்டியோடு மேசைக்குப் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம், வெளியே வந்தால் பூங்காவும் வெந்நீர்க் குளியலும் இருக்கின்றன. கார்களைப் பார்க்கப் போகிறவர் தாராளமாக மொனாக்கோ போகலாம். மாலையில் ஆட்டத்தையும் எட்டிப் பார்க்க நினைத்தால், எங்கே போனாலும் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். பாடன்-பாடனில் 21 வயதும் ஆகியிருக்க வேண்டும், ஆண்கள் ஒரு கோட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.